நிமிடத்துக்குப் பத்துச் சொட்டு

எட்டு, ஒன்பது, பத்து. துளசிமணி வாய்க்குள் எண்ணி முடிக்கவும் கைக்கடிகாரத்தின் நொடிமுள் பன்னிரண்டைத் தொடவும் சரியாக இருந்தது. நிமிடத்துக்குப் பத்துச் சொட்டு. முப்பத்தோரு வருடம் ஸ்டாஃப் நர்ஸாக இருந்து எத்தனையோ ஆயிரம் பேருக்கு டிரிப்ஸ் ஏற்றியவள்தான், ஆனால் ஒரு மோட்டார் சைக்கிளுக்கு ஏற்றுவது இதுதான் முதல் தடவை. போர்டிகோவில் நடு ஸ்டாண்டு போட்டு நின்ற எண்பத்தேழாம் வருடத்துப் புல்லட்டின் சீட்டுக்குப் பக்கவாட்டில் ஒரு குளுக்கோஸ் பாட்டில் தலைகீழாகத் தொங்கியது. உள்ளே குளுக்கோஸுக்குப் பதில் என்ஜின் ஆயில். அதன் கழுத்திலிருந்து ஆஸ்பத்திரி டிரிப்ஸ் குழாய் இறங்கி, தாமிரக் கம்பியால் அங்கங்கே கட்டுண்டு, பின்சக்கரத்தில் செயின் மாட்டியிருந்த பல்சக்கரமான ஸ்பிராக்கெட்டின் உள்விளிம்பைத் தொட்டும் தொடாமலும் நின்றது. நடுவில் சொட்டை எண்ணுவதற்கென்றே வைத்த சின்னக் கூடு. அதன் முனையில் முதலில் ஒன்றுமேயில்லை. பிறகு தேன் நிறத்தில் ஒரு மினுக்கம். அது கடுகாகி, மிளகாகி, பட்டாணியாகப் பெருத்தது. உற்றுப் பார்த்தால் அதற்குள் போர்டிகோவின் கம்பி கேட் முழுசாக, தலைகீழாக நின்றது, கேட்டுக்கு அடியில் வானம் கிடந்தது. இழுத்துக்கொண்டு, கழுத்து மெலிந்து, இன்னும் விழாமல், இதோ இதோ என்று போக்குக் காட்டிவிட்டு, கடைசியில் அந்த கேட்டையும் வானத்தையும் எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் விழுந்தது. அது விட்டுப்போன முனையில் அடுத்த மினுக்கம் தயார். அடேயப்பா, இத்தனை வருடமாக இதுதான் நடந்துகொண்டிருந்ததா? சலைனுக்கு நிறம் கிடையாது, அவசரம் அதிகம். பக்கத்துக் கட்டிலில் ஒருவர் முனகுவார், காலடியில் நின்றுகொண்டு சொந்தக்காரர் எப்போது முடியும் எப்போது முடியும் என்று பிடுங்குவார். அவள் சொட்டுகளை எண்ணியிருக்கிறாள். ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை. அம்பத்தி மூணு வயசுல போய் இப்படி வாயைப் பொளந்துட்டு உக்காந்திருக்கறதா என்று தன்னையே கடிந்துகொண்டு, இன்னும் நான்கு சொட்டுப் பார்த்துவிட்டுத்தான் எழுந்தாள்.

இவ்வளவுக்கும் காரணம் அவள் வீட்டுக்காரர் நாச்சிமுத்துவின் முதுகு. லைன்மேனாக இருந்து முப்பத்து மூன்று வருடம் கம்பத்தில் ஏறி இறங்கிய முதுகு, ஓய்வு பெற்ற மறு வருடமே கணக்குத் தீர்த்துவிட்டது. சித்திரையில் ஆபரேஷன். அவள் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியிலேயே, அவளுடைய வார்டிலேயே பதினோரு நாள் கிடந்தார். ஆறு மாதம் கழித்து டாக்டர் அரை மனதோடு, நிமிர்ந்து உட்கார்ந்து வண்டி ஓட்டலாம், ஆனால் குனியக் கூடாது, குத்த வைக்கக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது என்று சொல்லி அனுப்பினார். ஓட்டலாம் என்ற சொல் மட்டும்தான் அவர் காதில் விழுந்தது. வீட்டுக்கு வந்து வண்டியைத் துடைக்கப் போனவருக்கு அப்புறம்தான் விளங்கியது. புல்லட் செயினுக்கு ஐந்நூறு கிலோமீட்டருக்கு ஒரு தடவை ஆயில் விட வேண்டும், பொள்ளாச்சி மழைக்கும் செம்மண் புழுதிக்கும் அதற்கு முன்பே விட வேண்டும், அதற்குத் தரையோடு தரையாகக் குத்த வைத்தாக வேண்டும். மெக்கானிக்கிடம் விடலாமே என்றால் விட மாட்டார். இன்னொருவன் கை பட்ட செயின் பேசும், எனக்குக் கேட்கும் என்பார். உங்களுக்கு எதுதான் கேக்காது என்று துளசிமணி சொல்லிப் பார்த்தாள். சென்னையிலிருந்து மகள் போனில், வித்துடுங்கப்பா என்றாள். மனுஷன் உடனே, சரி கண்ணு, வித்துடலாம் என்றுவிட்டார். அந்தச் 'சரி'தான் துளசிமணிக்குச் சரியாகப் படவில்லை. கத்துகிற நோயாளியைப் பற்றி அவள் கவலைப்பட்டதே இல்லை. எதைச் சொன்னாலும் சரி என்கிறவர், ஊசி போட்டாலும் போடாவிட்டாலும் சுவரைப் பார்த்தே படுத்திருக்கிறவர், அவர்தான் கையை விட்டுப் போய்க்கொண்டிருப்பவர். நான்கு நாள் அவர் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். ஐந்தாவது நாள் டூட்டியில், தேதி முடிந்து குப்பைக்குப் போகவிருந்த டிரிப்ஸ் செட்டுகளைப் பெட்டியில் பார்த்தபோது அவளுக்கு இந்த யோசனை வந்தது, வந்த வேகத்தில் அவள் சத்தமாகச் சிரித்துவிட்டாள், வார்டில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

இன்று அவளுக்கு லீவு. காலை ஆறு மணிக்கே ஆரம்பித்துவிட்டார்கள். அவர் இடுப்பில் பெல்ட்டை இறுக்கிக்கொண்டு பிளாஸ்டிக் நாற்காலியில் விறைப்பாக உட்கார்ந்து, ஒரு தென்னங்குச்சியால் சுட்டிக் காட்டிக் காட்டிக் கட்டளை போட்டார். அவள் தரையில் பழைய சாக்கை விரித்து அதன்மேல் உட்கார்ந்து கட்டினாள். "ஏம்புள்ள, செயின் மேல நேராச் சொட்ட உட்றாத. ஸ்பிராக்கெட்டோட உள்பக்கம் உடு. சக்கரம் சுத்தறப்ப அதுவே வெளிய வீசிக்கும், உருளைக்கு உருளை போய்ச் சேர்ந்துக்கும்" என்றார். என்ன உருளை என்று கேட்டாள். "கண்ணத் தொறந்து பாரு. ஒவ்வொரு கண்ணிக்கும் நடுவுல ஒரு குட்டி உருளை இருக்குதில்ல? வெரல்ல தொட்டுச் சுத்திப் பாரு." தொட்டாள். சுற்றியது. அடுத்ததைத் தொட்டாள், அதுவும் சுற்றியது. இந்த வண்டியின் பின்சீட்டில்தான் கல்யாணமாகி வந்தாள், இதில்தான் நிறைமாதமாகப் பக்கவாட்டில் உட்கார்ந்து பிரசவத்துக்குப் போனாள், நைட் டூட்டி முடிந்த எத்தனையோ விடியலில் அவர் முதுகில் தலையைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டே வீடு வந்திருக்கிறாள், அந்நேரமெல்லாம் அவள் காலுக்கு ஒரு முழம் தள்ளி நூற்றுக்குக் கொஞ்சம் குறைவான குட்டி உருளைகள், ஒவ்வொன்றும் தன் தன் இருட்டுக்குள் தனியாகச் சுற்றி, அவளையும் அவள் வயிற்றுப் பிள்ளையையும் இழுத்துக்கொண்டு போயிருக்கின்றன. யாரும் அவற்றிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. அவளுக்கு உடம்பெல்லாம் ஒரு மாதிரி புல்லரித்தது. எக்ஸ்ரேயில் அவர் முதுகெலும்பைப் பார்த்த அன்றும் இப்படித்தான் இருந்தது. இத்தனை துண்டாகவா ஒரு மனுஷன் நிமிர்ந்து நிற்கிறார் என்று. டிரிப்ஸ் குழாயை நசுக்கி வேகத்தை மாற்றுகிற ரெகுலேட்டர் உருளையை மட்டும், சீட்டோரத்தில், அவர் நின்றபடியே கைக்கு எட்டுகிற உயரத்தில் கட்டினாள். வேகம் கூட்டவோ குறைக்கவோ அவர் குனிய வேண்டியிருக்காது. "ரெண்டு சொட்டு போதாதா?" என்றார் அவர். "காஞ்சு போய்க் கெடக்குதுங்க. இன்னைக்குப் பத்து ஓடட்டும். நாளைக்குக் கொறச்சுக்கலாம்" என்றாள் அவள், காய்ச்சல் வந்த பிள்ளையின் தாயிடம் சொல்கிற அதே குரலில். அவர் தென்னங்குச்சியை மடியில் வைத்துக்கொண்டார். டிரிப்ஸ் விஷயத்தில் அவளிடம் பேச அவருக்கு என்ன தகுதி?

ஏழே காலுக்குக் கிளம்பினார். "ஆழியார் தாண்டி முதல் கொண்டை ஊசி வளைவு வரைக்கும் போயிட்டு வந்தர்றேன். ஒரே ஒரு வளைவு. செயின் என்ன சொல்லுதுன்னு கேட்டுட்டு அப்படியே திரும்பிர்றேன்." ஒன்பதுக்குள் வந்துவிட வேண்டும் என்றாள். வந்துவிடுவேன் என்றார். நான்கு நாள் சுவரைப் பார்த்த முகம் அல்ல அது. கிக்கரை அவள்தான் மிதித்தாள், இரண்டாவது உதையில் பிடித்துக்கொண்டது, அந்தத் தடதடப்பு போர்டிகோ தரை வழியாக அவள் உள்ளங்காலுக்குள் ஏறியது. கேட்டைத் தாண்டி, தெருமுனை திரும்பி, கோட்டூர் ரோட்டில் ஏறி, ரயில்வே கேட்டுக்குப் போகிற வரைக்கும் அவளால் அந்தச் சத்தத்தைப் பிரித்துக் கேட்க முடிந்தது. அப்புறம் அது மற்ற சத்தங்களோடு கலந்துவிட்டது. இன்னும் கேட்பது போலவே இருந்தது. சாக்கை மடித்தாள். கம்பித் துண்டுகளைப் பொறுக்கினாள். வண்டி நின்ற இடத்தைத் துடைக்கலாம் என்று துணியோடு குனிந்தவள் அப்படியே நின்றாள்.

தரையில் ஆயில் தேங்கியிருந்தது. ஒரு தோசைக் கரண்டியின் அகலம். எப்படி இது? கட்டி முடித்து, எண்ணிப் பார்த்து, அவர் உள்ளே போய்ச் சட்டை மாற்றி, பெல்ட்டை மறுபடி கட்டி, காபி குடித்து, செருப்பைத் தேடி வெளியே வர அரை மணி நேரம் ஆகியிருக்கும். அந்த அரை மணியும் சொட்டிக்கொண்டிருந்திருக்கிறது. சொட்டத்தானே செய்யும், நிமிடத்துக்குப் பத்து, அரை மணிக்கு முந்நூறு, அதோடு வெயிலும் ஏறிவிட்டது, ஆயில் சூட்டில் இளகும், இளகினால் பத்து பதினைந்தாகும், சலைன் அப்படியெல்லாம் செய்யாது, ஆகவே அதை அவள் யோசிக்கவே இல்லை. சரி, அதனால் என்ன, தரைதானே, துடைத்தால் போயிற்று என்று துணியை வைத்தாள், வைத்த கை மேலே நகரவில்லை. வண்டி நின்றாலும் சொட்டும். ஓடும்போது செயின் வாங்கிக்கொள்ளும். நின்றால் யார் வாங்கிக்கொள்வது? ஸ்பிராக்கெட்டில் விழுந்தது வழியும், டிரம்மில் இறங்கும், கம்பி கம்பியாக ரிம்முக்கு வரும், ரிம்மிலிருந்து டயருக்கு. டயருக்கு. வியாழக்கிழமை அவர் போனில் எதையோ வாசித்துக் காட்டினாரே, வெளிநாட்டில் தானாகச் செயினுக்கு ஆயில் விடுகிற மிஷின் இருக்கிறதாம், என்ஜின் நின்றால் அதுவும் தானாக நின்றுவிடுமாம் என்று. அதற்கு அவள் என்ன சொன்னாள்? "நிக்கறதெல்லாம் எதுக்குங்க? அதுபாட்டுக்கு ஓடட்டும்." சொன்னாளே. இந்த வாயால்தான் சொன்னாள். முப்பத்தோரு வருடமாக அவளுக்குள் அடித்து இறக்கிய ஆணி அது: டிரிப்ஸ் நிற்கக் கூடாது. நின்றால் ஊசிமுனையில் ரத்தம் உறையும், மறுபடி குத்த வேண்டும், நரம்பு கிடைக்காது, நின்ற டிரிப்ஸைப் பார்த்தால் ஹெட் சிஸ்டர் கத்துவார், டாக்டர் கத்துவார், தூக்கத்தில்கூட அவள் கை டிரிப்ஸ் ஓடுகிறதா என்று தடவிப் பார்க்கும். படுத்திருக்கிற ஆளுக்குத்தான் அது ஏறும், அசையாத ஆளுக்கு. அவள் வண்டியைக் கட்டிலில் படுத்த நோயாளியாகவே நினைத்துவிட்டாள். வேறு யாராவது, ஒரு மெக்கானிக்கோ, சைக்கிள் கடைக்காரனோ, ஏன் எட்டாவது படிக்கிற பிள்ளையோ இதைச் செய்திருந்தால் முதலில் கேட்டிருக்கும் கேள்வி, நிறுத்துவது எப்படி என்பது. கேட்காத ஒரே ஆள் இந்த உலகத்தில் நர்ஸ் துளசிமணிதான்.

அவர் வழியில் வண்டியை நிறுத்துவார். அது மட்டும் நிச்சயம். ஆழியாரில் ஒரு பேக்கரி இருக்கிறது, அங்கே டீ குடிக்காமல் அந்த மனுஷன் மலைப் பக்கம் போனதுமில்லை, வந்ததுமில்லை. தேங்காய் பன் ஒன்று, டீ இரண்டு, பேப்பர் முழுவதும், பக்கத்து மேஜைப் பேப்பரும். அரை மணிக்குக் குறையாது. வெயிலில் வண்டி நிற்கும். சொட்டும். அதற்கு அப்புறம்தான் வளைவு. போகும்போது ஏற்றம், பரவாயில்லை. திரும்பும்போது இறக்கம், வண்டியைச் சாய்க்க வேண்டும், அந்தச் சாய்வில் டயரின் ஓரம் தரையைத் தொடும், அந்த ஓரத்தில்தான் ஆயில். பிரேக்கும் அதே டிரம்மில்தான் இருக்கிறது என்று காலையில் அவரே சொன்னார். போன் போட்டாள். உள்ளறையில், மாட்டியிருந்த பழைய சட்டைப் பையில் அது அடித்தது. அவள் அடித்த போனை அவளே போய் நிறுத்தினாள். ஒரு சொட்டு அவ்வளவு பெரிதா? பெரிதுதான், அவளைவிட அது யாருக்குத் தெரியும்? நின்றுபோன இதயம் அரை மில்லி மருந்தில் திரும்ப ஓடியதை இந்தக் கண்ணால் மூன்று தடவை பார்த்திருக்கிறாள். ஒரு தடவை, வேகமாக ஏறிவிட்ட மருந்தால் ஒரு பெண்ணின் உதடு நீலமாவதையும் பார்த்திருக்கிறாள், உருளையை ஒரு தள்ளுத் தள்ளி மூடியதும் அந்த நிறம் மெல்ல மெல்லத் திரும்பியதையும். அன்றைக்கு எல்லாரும் அவளைப் பாராட்டினார்கள், அவளுக்கோ ராத்திரி முழுக்க அந்த உருளையைப் பற்றியே பயமாக இருந்தது. ஒரு விரல் நுனி. இந்தப் பக்கம் தள்ளினால் இருக்கிறார், அந்தப் பக்கம் தள்ளினால் இல்லை. இவ்வளவு சின்னதிலா ஆண்டவன் எல்லாவற்றையும் தொங்கவிட்டிருக்கிறான்? எத்தனை பெரிய மலை, எத்தனை பெரிய அணை, நூற்றெழுபது கிலோ கனத்தில் அந்த வண்டி, அதன்மேல் எண்பது கிலோ மனுஷன், அவருக்குப் பின்னால் முப்பது வருடக் குடித்தனம், எல்லாம் ஒரு பட்டாணி அளவு ஆயிலை நம்பிக்கொண்டு நிற்கிறது. நினைக்க நினைக்க அவளுக்குப் பயத்தைவிடப் பிரமிப்பே பெரிதாக வந்தது, அப்படி வருகிறதே என்று அதற்கும் சேர்த்துப் பயந்தாள்.

ஒன்பது அடித்தது. பக்கத்து வீட்டுச் சுலோச்சனா கறிவேப்பிலை கேட்டு வந்தவள், கேட்டருகிலேயே நின்று, "என்னக்கா, மொகமெல்லாம் இப்படி வெளுத்துக் கெடக்குது?" என்றாள். ஒன்றுமில்லை என்று சொல்லி ஒரு கொத்துக்குப் பதில் ஒரு கிளையையே ஒடித்துக் கொடுத்தாள் துளசிமணி. "அண்ணன் மறுபடி வண்டி எடுத்துட்டாப்லயே. இப்பத்தான் தெருவுக்கே ஒரு சத்தம் வந்திருக்குது" என்று சொல்லிச் சிரித்துக்கொண்டே அவள் போனாள். ஆமாம், எடுக்க வைத்தது நான்தான் என்று சொல்ல வந்த துளசிமணி கேட்டைச் சாத்தினாள். பேசாமல் விற்றிருக்கலாம். சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாலும் உட்கார்ந்திருப்பார் அல்லவா? இல்லை, அதுவும் பொய். அப்படி உட்கார்ந்திருப்பதை இருப்பது என்று எந்த நர்ஸும் சார்ட்டில் எழுத மாட்டாள். ஒன்பது பத்து. பஸ்ஸைப் பிடித்து ஆழியார் போகலாமா? எதிரில் அவர் வந்தால் பஸ்ஸுக்குள்ளிருந்து எப்படித் தெரியும்? ஆம்புலன்ஸ் டிரைவர் வடிவேலன் நம்பர் இருக்கிறது, அவனைக் கூப்பிட்டால் என்ன ஏது என்று கேட்பான், அதற்கு என்ன பதில்? ஒன்பதே கால். தரையிலிருந்த ஆயிலை அவள் இன்னும் துடைக்கவில்லை. அது வெயிலை வாங்கிக்கொண்டு மயிலின் கழுத்து மாதிரிப் பல நிறமாக மின்னியது, அசையாமல், அவ்வளவு அழகாக. அதைப் பார்க்கப் பொறுக்காமல் கேட்டைத் திறந்துகொண்டு தெருவுக்கு வந்து நின்றாள். ஒரு லாரி போனது. ஒரு பால் வண்டி. அப்புறம் எங்கோ ரயில்வே கேட் பக்கம், மற்ற சத்தங்களுக்கு அடியில், தடதடவென்று ஒன்று. வேறு புல்லட்டாகவும் இருக்கலாம். ஊரில் எத்தனையோ புல்லட். ஆனால் ஒவ்வொரு தடத்துக்கும் நடுவில் ஒரு மூச்சு விட்டுவிட்டு வருகிற புல்லட் ஒன்றுதான்.

நாச்சிமுத்து நிமிர்ந்த முதுகோடு, மாப்பிள்ளை ஊர்வலம் மாதிரி, மெதுவாகத் தெருவுக்குள் திரும்பினார். வண்டியை நிறுத்தி, ஒரு காலை ஊன்றி, சிரித்தார். "பழைய செட்டு லைன்மேன் ஒருத்தன் பேக்கரில மாட்டிக்கிட்டான். முக்கா மணி நேரம் உடவே இல்ல" என்றார். அவள் நடுத்தெரு என்றும் பாராமல் பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் முழங்காலிட்டாள். டயரை இரண்டு உள்ளங்கையாலும் தடவினாள், ஓரத்தை, நடுவை, மறு ஓரத்தை. வண்டியை ஒரு அடி முன்னால் தள்ளச் சொல்லி மறுபடி தடவினாள். உள்ளங்கையில் செம்மண் தூசிதான் ஒட்டியது. ரிம் காய்ந்திருந்தது. கம்பிகள் காய்ந்திருந்தன. நிமிர்ந்து மேலே பார்த்தாள். சொட்டுக் கூட்டில் அசைவில்லை. ரெகுலேட்டர் உருளை கடைசி வரைக்கும் இறங்கி, குழாயை நசுக்கிக்கொண்டு நின்றது.

"இத யாருங்க மூடுனது?"

"நாந்தான். வண்டிய நிறுத்துனா மூடோணுமில்ல? மூடிட்டு டீ குடிக்கப் போனேன். திரும்ப ஏறறப்பத் தொறக்கத்தான் மறந்துட்டேன். வளைவெல்லாம் வறட்டுச் செயின்லதான் போயிட்டு வந்தேன், திட்டாத."

"மூடோணும்னு உங்களுக்கு யாருங்க சொன்னது?"

"நீதான்."

"நான் எங்கீங்க சொன்னேன்? எனக்கே அது தோணலீங்களே."

"சொல்லல. செஞ்சே. ஆஸ்பத்திரில என்னைய பாத்ரூமுக்குக் கூட்டிட்டுப் போறப்பெல்லாம் மொதல்ல இந்த உருளையத்தான் மூடுவே. அப்பறம் பாட்டலக் கழட்டிக் கைல புடிச்சுக்குவே. திரும்பி வந்து படுக்க வெச்சுத் தொறந்துட்டு, வாட்சப் பாத்துட்டே நிப்பே. பதினோரு நாளும் அதேதான். அசையாமக் கெடந்தவனுக்கு வேற என்ன பொழப்பு? உன்ற கையத்தான் பாத்துட்டே கெடந்தேன்."

துளசிமணி முழங்காலிலேயே இருந்தாள். மூடியிருக்கிறாள். ஆமாம், ஒவ்வொரு தடவையும் மூடியிருக்கிறாள், பதினோரு நாள் மட்டுமா, முப்பத்தோரு வருடமும், எழுந்து நடக்கிற ஒவ்வொருவருக்கும். கைக்குத் தெரிந்தது தலைக்குத் தெரியவில்லை. கல்யாணமான நாளிலிருந்து ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிட்டு, உள்ளே எட்டிக்கூடப் பார்க்காமல் வண்டியைத் திருப்பிக்கொண்டு போன மனுஷன் இவர். அவள் உள்ளே என்ன செய்கிறாள் என்று ஒரு நாளும் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை. எத்தனையோ கட்டில்களின் தலைமாட்டில் நின்றிருக்கிறாள், எல்லாருடைய முகத்தையும் கண்ணையும் நாடியையும் பார்த்துக்கொண்டு. கட்டிலில் இருக்கிறவர் அவளைப் பார்த்துக்கொண்டிருப்பார், விரல் விரலாக மனப்பாடம் செய்துகொண்டிருப்பார் என்று அவளுக்குத் தோன்றியதே இல்லை. இத்தனை பெரிய விஷயம் இவ்வளவு நாள் அவளுக்குத் தெரியாமலே இருந்திருக்கிறது. அழுகை பொத்துக்கொண்டு வந்தது, அடக்கவில்லை.

"எதுக்கு இப்ப அழுகறே? தெருவே பாக்குது, எந்திரி" என்று அவர் கையை நீட்டினார். துளசிமணி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள், அவர் முதுகு இழுபடாமல், பாரம் முழுவதையும் தன் முழங்கால்களிலேயே வைத்து எழுந்தாள்.